வலி நின்றுபோன மதியம்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு இருபது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் என் மகள் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். மறுநாள் மாவட்ட அணிக்கான தேர்வு. சாப்பிடக் கூப்பிடலாம் என்று கைபேசியில் மணி பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். ஓங்கி அடித்த பந்து ஒன்று அவள் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, முன்காலில் கட்டியிருந்த காப்பு மறைக்காத வெளிப்பக்கச் சதையில் பட்டது. அந்தச் சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது.

பந்து அடி வாங்காத கால் எங்கள் ஊரில் குறைவு. அதனால் யாரும் பதறவில்லை. என் கணவர் கல்லூரி அணிக்கு ஆடியவர். தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுக்கா உக்காந்துட்ட? நாங்கள்லாம் கரிசல் மண்ணை அள்ளித் தேச்சிட்டு அடுத்த பந்துக்கு ஓடுவோம்" என்றார்.

"அதான் இப்ப முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறுதீங்க" என்றாள் மகள். அவள் சிரித்ததும் எனக்கும் பயம் தெளிந்தது.

இருந்தாலும் மனம் கேட்காமல் உள்ளூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் கீறல்கூட இல்லை. வலி கூடினால் உடனே கூட்டி வாருங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். எலும்பு முறியவில்லை என்பது மட்டுமே எங்கள் காதில் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஐஸ் வைத்து ஒற்றி, கிரேப் துணியால் காலை இறுக்கிக் கட்டி, தலையணைகளை அடுக்கித் தூக்கி வைத்தார்.

"ரொம்ப இறுக்குதுப்பா."

"இறுக்கமா இருந்தாத்தான் வீக்கம் வத்தும். நாளைக்கு செலக்‌ஷன்ல நிக்கணுமா, வேண்டாமா?"

நிற்க வேண்டும் என்றுதான் அவளுக்கும் ஆசை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பதினோரு மணிவாக்கில் வலி வேறு மாதிரி ஆனது. உள்ளேயிருந்து வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மாத்திரை கொடுத்தும் அடங்கவில்லை. கால்விரலை லேசாகக் கீழே மடக்கினேன், அலறிவிட்டாள். கட்டைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கணவரிடம் கேட்டேன். "இப்பப் பிரிச்சா செஞ்சதெல்லாம் வீணாப் போயிரும்" என்றார். ஹாக்கிக் காலைப் பற்றி அவருக்குத் தெரியாததா என்று நானும் விட்டுவிட்டேன்.

மதியம் அழுகை நின்றது. "இப்ப வலி தெரியலம்மா, பாதம் மரத்த மாதிரி இருக்கு" என்றவள் போனைக் கையில் எடுத்தாள். நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டேன். "பாத்தியா, கட்டு வேலை செய்யுது" என்றார் கணவர். அப்புறம் மூவரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

தட்டை எடுக்கப் போனபோது பார்த்தேன். அவள் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஒரு கட்டெறும்பு தலையைப் புதைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அவளோ போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எறும்பைப் பிய்த்து எடுத்தேன். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, விரலைத் தூக்கு."

"தூக்கிக்கிட்டுத்தானம்மா இருக்கேன்."

விரல் அசையவில்லை.

கட்டைப் பிரித்தோம். சதை பலகை மாதிரி இறுகி, தோல் மினுமினுவென்று இருந்தது. வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனோம். வழி முழுக்கக் கணவர் அவள் பாதத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் காலைத் தொட்டுப் பார்த்ததுமே அறுவை சிகிச்சை என்றார்கள். அடிபட்ட சதை வீங்கும்போது அதைச் சுற்றியிருக்கும் உறை விரிந்துகொடுக்காதாம். உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுவிடுமாம். எலும்பு முறியாமலும் இப்படி வருமாம். வெளியே கட்டிய கட்டு அதை இன்னும் நெரித்திருக்கிறது. வலி போனதாக நாங்கள் நினைத்த நேரத்தில் நரம்பு செத்துக்கொண்டிருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அறுவை செய்த பெண் மருத்துவர் வந்தார். என் கணவர் எழுந்து நின்றார்.

"கால் இருக்கும். கொஞ்சம் சதையை எடுக்க வேண்டியதாப் போச்சு. பாதத்தைத் தூக்குற நரம்பு திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். பிறகு என்னைப் பார்த்து, "பெருவிரல் இடுக்குல தினமும் கிள்ளிப் பாருங்கம்மா. வலிக்குதுன்னு அவ சொல்ற அன்னைக்கு எனக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

மாதங்கள் போய்விட்டன. பாதம் தொங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மைதானத்தைப் பார்த்த ஜன்னலைக் கணவர் திறப்பதே இல்லை. குளித்து வந்ததும் அவள் காலை நீட்டுகிறாள், நான் கிள்ளுகிறேன், "இன்னும் இல்லம்மா" என்கிறாள். பிள்ளைக்கு ஒரு வலியும் வரக் கூடாது என்று அவள் பிறந்த நாள் முதல் வேண்டிவந்த நான், இப்போது அந்த விரலிடுக்கில் வலி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.