தெள்ளாரில் ஒரு சிவப்புத் தரை

சகாயம்மாளுக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, கால்கள் இரண்டும் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவள் கைகளால்தான் நடந்தாள். உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு முழம் தள்ளி வைத்துக்கொள்வாள். உள்ளங்கை தேயாமல் இருக்கச் சைக்கிள் டயரில் இரண்டு துண்டு வெட்டி, வார் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார் அவள் அப்பா. அவர் போன பிறகு அண்ணன் சிங்கராயர் தைத்துக் கொடுத்தார்.

ஆரணியில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் அவர்கள் வீடு. முன்கட்டில் அண்ணனின் தறி. நெய்கிறவர் காலை உள்ளே விட்டுக்கொள்ளக் குழி வெட்டிய தறி என்பதால் அந்த வீட்டுக்கு மண் தரையைத் தவிர வேறு தரை பற்றி யாரும் யோசித்ததில்லை. சகாயம் சுவரோரமாக உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றித் தருவாள். நூலில் ஒரு பிசிறு இருக்காது. ஆனால் ஐப்பசி பிறந்தால் தரை ஓதம் ஏறிப் பிசுபிசுக்கும். அவள் புடவையின் பின்பக்கம் எப்போதும் மண்ணின் நிறத்தில் இருக்கும். வெளியில் யார் வீட்டுக்காவது போக வேண்டும் என்றால் முதலில் அந்தக் கறைதான் நினைவுக்கு வரும். போக மாட்டாள்.

போனதெல்லாம் கண்ணகியோடுதான். கண்ணகி அடுத்த வீட்டுப் பெண், சகாயத்தின் வயதுதான். பெரிய உடம்பு, பெரிய குரல். "ஏறுடி" என்று குனிந்து நிற்பாள். சகாயம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் போதும், ஆற்றுக்கும் சந்தைக்கும் டென்ட் கொட்டகைக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போவாள். வயதுக்கு வந்த பெண் இன்னொரு பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு தெருவில் போகிறாளே என்று கண்ணகியின் அம்மா திட்டினாள். கண்ணகி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுபத்து மூன்றில் கண்ணகிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வேடியப்பன், தெள்ளாரில் ஒரு நெல் மில்லில் மெக்கானிக். ஆரணியிலிருந்து வந்தவாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து தெள்ளாருக்கு இன்னொரு பஸ். மற்றவர்களுக்கு அரை நாள் பயணம். சகாயத்துக்கு அது தெரியாத தேசம்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் தெருவைத் தாண்டவில்லை. கண்ணகி தீபாவளிக்கு வருவாள், ஆடிக்கு வருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இங்கேதான் ஓடி வருவாள். மறுநாள் போய்விடுவாள். அவள் போன பிறகு சகாயத்துக்கு ராட்டையின் சத்தம்கூடப் பிடிக்காது. அண்ணி சூசைமேரி, "இன்னா சகாயம், மூஞ்சிய தூக்கி வெச்சிகினு" என்பாள். சகாயம் அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போடுவாள்.

எழுபத்தெட்டு மாசியில் கண்ணகி திடீரென்று வந்து நின்றாள்.

"தெள்ளார்ல வூடு கட்டிகினு இருக்கோம். செவுரு ஏறிடிச்சி. இப்ப தரை போடணும். அந்தாளு கடப்பா கல்லுன்றாரு. மாமியாரு சாணி தரை போதும்ன்றாங்க. நான் ஒண்ணும் சொல்லல. உன்ன கேக்க வந்தேன்."

"என்ன இன்னாத்துக்குடி கேக்கற? உன் வூடு."

"நீ வந்தா அந்தத் தரையிலதான போவப் போற? எங்களுக்கு இன்னா, காலு படற எடம்தான தரை. உனக்குத்தான் எல்லாம். கெளம்பு, ஜல்தி."

அன்று அவள் முதுகில் தூக்கவில்லை. வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை இருந்தது. ஒரு கைவண்டியைப் பிடித்து வந்திருந்தாள். இரண்டு பேரும் ஆரணியில் தரை பார்க்கக் கிளம்பினார்கள்.

முதலில் மாதா கோயில். அங்கே கடப்பா கல். பூசை இல்லாத நேரம், உள்ளே ஒருவரும் இல்லை. சகாயம் நடுவில் இறங்கிப் பீடம் வரை போய்த் திரும்பினாள். மாசி வெயிலுக்குக் கல் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு. ஒரு இடத்தில் விரல் நகம் மாட்டியது, இன்னொரு இடத்தில் புடவை மாட்டியது. "மார்கழில இது எலும்பக் கடிக்கும். போன கிறிஸ்மஸ் பூசைல நான் அழுதுட்டேன், பாட்டு கேட்டு அழுவறேன்னு நெனச்சாங்க" என்றாள். கண்ணகி சிரித்துச் சிரித்து, கோயில் என்பது நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து, புதிதாகத் திறந்திருந்த ஒரு டாக்டரின் கிளினிக். அங்கே மொசைக். வெள்ளையில் கறுப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியுமாக, முகம் தெரிகிற பளபளப்பு. நோயாளிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சகாயத்துக்கு உள்ளே போகக் கூச்சம். "எனக்கு ஒடம்பு செரியில்லன்னு சொல்லிக்கலாம், வா" என்று கண்ணகி அவளை இறக்கிவிட்டாள். ஒரு தள்ளு தள்ளினாள் சகாயம். நினைத்த இடத்தில் நிற்காமல் உடம்பு இன்னும் கொஞ்சம் போயிற்று. யாரோ சிந்தியிருந்த தண்ணீரில் கை வழுக்கியது. பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் பதறி எழுந்து அவளைப் பிடித்தார்.

"அழகா கீது. ஆனா இது நம்மள கேக்காம இழுத்துகினு போவுது" என்றாள் வெளியே வந்து.

கடைசியாகப் பவுல்துரை வாத்தியார் வீடு. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் வீட்டில் சிவப்பு சிமெண்ட் தரை. வாத்தியார் பள்ளிக்கூடம் போயிருந்தார். அவர் மனைவி சாவித்திரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தரையைப் பாக்கத்தானே? தாராளமா பாருங்க" என்று கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சகாயம் டயர் துண்டுகளைக் கழற்றினாள். வெறும் உள்ளங்கையை வைத்தாள். பல வருஷம் எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து மெழுகு மாதிரி ஆகியிருந்த தரை. இடுக்கு இல்லை. குளிர்ச்சி இருந்தது, கடிக்கவில்லை. அவள் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போனாள். மறுபடி வந்தாள். மறுபடி போனாள். மூச்சு வாங்கவில்லை. கண்ணகி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி?"

"கைய பிடிக்கவும் பிடிக்குது, விடவும் விடுது" என்றாள் சகாயம். "இதான்டி. இதப் போடு."

வைகாசியில் கண்ணகி பிரசவத்துக்கு வந்தபோது முழுக் கதையும் சொன்னாள். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே சிவப்புப் பொடி தூவிக் கரணையால் இழைத்த கொத்தனாரை அவள் விடவே இல்லை. தான் கையை வைத்துத் தடவிப் பார்த்து, சொரசொரப்பு என்று மூன்று இடத்தில் திரும்ப இழைக்க வைத்தாள். பெரிய சண்டை தரையில் வரவில்லை, நிலைப்படியில் வந்தது. உள்ளறைகளுக்கு நிலைப்படியே வேண்டாம் என்றாள் கண்ணகி. மாமியார் ரங்கம்மாள், "படி இல்லாத வூடு இன்னா வூடு? சத்தரமா? மஞ்சளும் குங்குமமும் எங்க வெக்கறது?" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் தலைவாசலுக்கு மட்டும் படி வைத்தார்கள். அதற்கும் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் சிமெண்டில் சரிவு.

"எல்லாம் உனக்குத்தான். நீ எப்ப வர?" என்றாள் கண்ணகி.

சகாயம் அண்ணனிடம் கேட்டாள். சிங்கராயர் தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கெட்ட மனிதர் அல்ல. தங்கை யாருக்கும் பாரமாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். "ரெண்டு பஸ்சு மாறணும். யாரு தூக்கி ஏத்துவாங்க? ஊர்ல எல்லாரும் வேடிக்கை பாக்கறதுக்கா? அப்பால பாக்கலாம்."

அந்த 'அப்பால' மூன்று வருஷம் ஆயிற்று. நூல் சுற்றும்போதெல்லாம் சகாயம் மனசுக்குள் அந்த வீட்டில் இருப்பாள். சரிவில் ஏறுவாள். கூடத்தைக் கடப்பாள். எந்தப் பக்கம் அடுப்படி என்று தெரியாது. ஒரு நாள் இடது பக்கம் வைப்பாள், ஒரு நாள் வலது பக்கம் வைப்பாள். அங்கே கண்ணகி முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ அரிந்துகொண்டிருப்பாள். இவள் வரும் சத்தம் கேட்காது. இவளே கூப்பிட வேண்டும்.

எண்பத்தொன்றில் வேடியப்பனுக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கண்ணகியும் பிள்ளைகளும் கூடப் போனார்கள்; ரங்கம்மாள் மட்டும் தெள்ளார் வீட்டிலேயே இருந்துகொண்டாள். சொல்லிக்கொள்ள ஒரு மதியம் வந்தாள். பெரியவனைக் கையில் பிடித்து, சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள் உட்காரவே இல்லை. "நீ ஒரு தடவகூட வர்லயேடி" என்றாள். சகாயம் பிள்ளையின் காலைத் தடவினாள்.

மறு வருஷம் வேலூரில் நடந்த ஒரு முகாமில் சகாயத்துக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். கையால் சுற்றி ஓட்டுவது. முதல் மாதம் தெருக்கோடி வரை போனாள். பிறகு சந்தை. பிறகு ஆற்றுப் பாலம். ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். எண்பத்து மூன்று தை மாதத்தில் ஒரு காலை, அண்ணனிடம், "தெள்ளாருக்குப் போறேன்" என்றாள்.

"அவளே அங்க இல்ல. யாரப் பாக்கப் போற?"

"வூட்டப் பாக்க."

சிங்கராயர் அவள் முகத்தைப் பார்த்தார். தறியை விட்டு எழுந்தார். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். அவரே தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தார். வண்டியை ஒரு டீக்கடையில் விட்டார். வந்தவாசியில் மாற்றிவிடச் சொல்லிக் கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னார்.

தெள்ளாரில் அவளோடு பஸ்ஸை விட்டு இறங்கிய இரண்டு பெண்கள் அவளைக் கைகோத்துத் தூக்கி வந்து அந்த வீட்டு வாசலில் இறக்கினார்கள். ரங்கம்மாள் வெளியே வந்தாள். ஒல்லியான, நெட்டையான கிழவி. சரிவின் அடியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"நீதானா அது?" என்றாள். "வா உள்ள."

சகாயம் டயர் துண்டுகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். கூடம் விரிந்து கிடந்தது. அவள் மனசில் இருந்ததைவிடச் சின்ன வீடு, ஆனால் அதே தரை. கூடத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து பின்கட்டுக்கு, எங்கேயும் கை தடுக்கவில்லை. யாரும் தூக்காமல் ஒரு வீட்டின் எல்லா இடத்துக்கும் அவள் போனது அதுதான் முதல் தடவை. அடுப்படி வலது பக்கம் இருந்தது. எட்டிப் பார்த்தாள். மாடங்கள் எல்லாம் தாழ்வாக, உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. தெருப்பக்கம் இருந்த ஜன்னலும் அப்படித்தான். தரையில் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரிந்தது, புளியமரமும் பஸ் நிற்கும் இடமும்.

"ஜன்னல இவ்ளோ கீழ வெச்சா கோழி உள்ள வரும்னு சொன்னேன்" என்றாள் ரங்கம்மாள் பின்னால் நின்று. "கேக்கல. வருது. தினம் வெரட்டறேன்."

சகாயம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணகி இங்கே உட்கார்ந்து எத்தனை மதியம் அந்த பஸ்களைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது அழுகை நிற்கவில்லை. ரங்கம்மாள் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "கேவுரு கூழு கீது. கருவாடு சுட்டுத் தரேன். இருந்துட்டுப் போ" என்றாள். சகாயம் ஒரு வாரம் இருந்தாள். கிழவிக்குப் பேச ஆள் இல்லாமல் பேஜாராக இருந்தது என்பது இரண்டாம் நாளே தெரிந்துபோயிற்று. சகாயம் கிளம்பும்போது, "பொங்கலுக்குப் பொங்கல் வந்துடு" என்றாள் ரங்கம்மாள்.

வந்தாள். வருஷா வருஷம் வந்தாள். இரண்டு பொங்கல் கண்ணகி வருவதாகச் சொல்லி வரவில்லை. ஒரு தடவை பிள்ளைக்கு அம்மை, ஒரு தடவை வேடியப்பனுக்கு லீவு இல்லை. எண்பத்தாறில் வந்தாள். உடம்பு இளைத்திருந்தது, பேச்சில் கன்னடம் கலந்திருந்தது. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கத்திரிக்காய் அரிந்தாள். சகாயம் கூடத்திலிருந்து சத்தமில்லாமல் போய் அவள் பின்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாள். திரும்பிய கண்ணகி கத்தியைக் கீழே போட்டுவிட்டாள்.

நான்கு நாள். மதியங்களில் இரண்டு பேரும் வெறுந்தரையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். பெங்களூர் வீட்டைப் பற்றிக் கண்ணகி சொன்னாள்: மாடியில் ஒரே அறை, குறுகலான படிக்கட்டு. "அங்க உன்ன எப்டிடி கூப்பிடுவேன்" என்றாள்.

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அது ஆரணி வழியாக வேலூருக்குப் புதிதாக விட்டிருந்த பஸ்; வேலூரில்தான் கண்ணகி பெங்களூர் பஸ் ஏற வேண்டும். வந்தவாசி தாண்டியதும் கண்ணகி சகாயத்தின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பிள்ளைகள் ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சகாயம் அசையாமல் இருந்தாள். ஆரணி வந்தபோது சிங்கராயர் கீழே காத்திருந்தார், கையை நீட்டி அவளை இறக்கினார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். கண்ணகி ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

"இன்னா சொன்னா?" என்றார் சிங்கராயர்.

"தெரில அண்ணா" என்றாள் சகாயம். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.