நெற்றிக்கு ஏறிய வலது கை

ஒரு தவசு காலம் நாற்பது நாளும் நான் இடது கையால் சிலுவை போட்டேன். அதற்குப் பிறகும் பல மாதம் அப்படித்தான் போட்டேன். கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். பூசையில் எல்லோருடைய வலது கையும் நெற்றிக்குப் போகும்போது, தன் கை மட்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

சேசுவின் பேரால் இங்கே கூடியிருக்கிற சகோதர சகோதரிகளே, என் பெயர் ஆரோக்கியமேரி. கடத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு, ராகியும் கடலையும் போடுவோம். புளிக் காலத்தில் என் வீட்டுக்காரர் சவரிமுத்து மரங்களைக் குத்தகைக்குப் பிடிப்பார். எனக்குப் பேசத் தெரியாது என்றெல்லாம் சொல்லமாட்டேன். நன்றாகவே தெரியும், அவரைக் கேட்டால் சொல்லுவார்.

எழுபத்தொன்றாம் வருடம், தவசு காலம் தொடங்கின சமயம். உலுக்கின புளியை மூட்டை கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் மூட்டைகளின் உச்சியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஓடை இறக்கத்தில் இறங்கி நடந்து வா என்று அவர் சொன்னார். நான் எங்கே கேட்டேன்? மாடு மிரண்டது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கல்லின் மேல் வலது தோள் அடிபட விழுந்தேன்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். வலி அடங்குகிறவரை கையைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும், வலி குறைந்ததும் அவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பழக வேண்டும், மறுபடியும் வந்து காட்ட வேண்டும். முதல் பாதி என் காதில் விழுந்தது. மறுபாதி விழவே இல்லை. அதற்குள் நான் மாதாவோடு பேரம் பேச ஆரம்பித்திருந்தேன்.

எங்கள் பங்குக் கோயிலில் மாதா சுரூபத்துக்குச் சேலை சாத்துவோம். திருவிழா முடிந்ததும் அந்தச் சேலைகளை வேண்டிக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பார்கள். பிள்ளைக்குத் தூளி கட்டுவார்கள், காய்ச்சலில் கிடப்பவர்களுக்குப் போர்த்துவார்கள். அப்படிக் கிடைத்த நீலச் சேலை ஒன்று என் பெட்டியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட துணியை எடுத்துப் போட்டுவிட்டு, மாதா சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டேன். கை குணமாகிறவரை இந்தத் துணியை அவிழ்க்கமாட்டேன் தாயே என்று நேர்ந்துகொண்டேன். பக்தியில் எனக்குக் குறைச்சல் இல்லை பாருங்கள்.

வலி குறைந்தது. அவிழ்த்துவிடேன் என்றார் என் வீட்டுக்காரர். நேர்ச்சை என்றேன். குளிக்கும்போதும் அந்தத் துணிதான், தூங்கும்போதும் அதேதான். உயிர்த்த ஞாயிறு வந்தது, போனது. வெயில் காலம் வந்தது, அக்குள் புண்ணாகிப் போனது. கை மட்டும் வரவில்லை. உள்ளே தோள் இறுகி, மரத்தில் அறைந்த ஆணி மாதிரி நின்றுவிட்டது. சீப்பைப் பிடித்தால் தலைக்கு எட்டாது. முதுகில் சேலையை இழுத்துச் செருக முடியாது.

எங்கள் வீட்டில் களி இல்லாமல் ஒரு நாளும் விடியாது. களி கிண்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும், இரண்டு தோளும் வேண்டும். நான் இடது கையால் கிண்டினேன், கட்டி கட்டியாக வந்தது. அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கிவிட்டுப் போவார். திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அவர் பேசாமல் எழுந்து போனதுதான் என்னைக் கொன்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்த பெண், எங்கள் ஊர்க்காரிதான், என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். பீச்சாங்கையால் சாமி கும்பிடாதே என்று காதில் சொன்னாள். அவள் பேரில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சத்தமாகவே சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் முன்னால் விழுந்து அழுதேன். உன் சேலையைத்தானே கட்டியிருக்கிறேன், என் கையைக் கொடேன், இல்லாவிட்டால் இந்தக் கையையே எடுத்துவிடேன் என்று சண்டை போட்டேன். இனிமேல் கோயிலுக்கே வரமாட்டேன் என்றும் சொன்னேன். அவ்வளவு கசந்துபோயிருந்தது.

என் செபத்துக்குப் பதில் ஒரு தோல்பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தது. மடத்து மருந்தகத்தில் வேலை பார்த்த மலையாளத்துச் சிஸ்டர், குழந்தைகளுக்கு அம்மை குத்த எங்கள் ஊருக்கு வந்தார். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் எதற்கு இந்தக் கட்டு என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு காலமாக என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது. உடனே அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் இப்படியே நின்றுவிடும் என்றார். நான் முடியவே முடியாது என்றேன். மாதாவுக்குக் கொடுத்த வாக்கை ஒரு சிஸ்டர் சொன்னாலும் மீறமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

சிஸ்டர் கோபப்படவில்லை. என்னையும் என் வீட்டுக்காரரையும் பங்குச் சாமியாரிடம் அழைத்துக்கொண்டு போனார். சாமியார் எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"நேர்ச்சை நல்லதுதாம்மா. அதை மாத்திக் கொடுக்கிற அதிகாரம் எனக்கு இருக்குது, இப்ப மாத்தித் தர்றேன். இந்தத் துணியை அவுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கோ. தினமும் செபமாலை சொல்லு. ஒவ்வொரு அருள்நிறை மந்திரத்துக்கும் அந்தக் கை கொஞ்சமாவது அசையணும். அதுதான் இனிமே உன் நேர்ச்சை."

என் வீட்டுக்காரர்தான் முடிச்சை அவிழ்த்தார். துணி கழன்ற பிறகும் கை அதே இடத்தில் மடங்கியே நின்றது. அதைப் பார்த்ததும் அவர் திரும்பிக்கொண்டார், கண் கலங்கியதை நான் பார்க்கக் கூடாது என்று.

இறுகின தோளை முதலில் இளக்க வேண்டும், சூடும் எண்ணெயும் வேண்டும் என்றார் சிஸ்டர். தன் மருந்துப் பையில் அது இல்லை, கௌரம்மாவின் கையில் இருக்கிறது என்றும் அவரே சொன்னார். கௌரம்மா பக்கத்து ஊரில் கன்னடம் பேசுகிற குடும்பத்துப் பெண். பிள்ளை பெற்றவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது, சுளுக்கு நீவுவது எல்லாம் செய்வார். எனக்குப் பயம். அவர் எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால் தன் சாமியின் பேரைச் சொல்லுவார், அது எனக்குப் பாவமாகாதா என்று கேட்டேன்.

"அவங்க சாமியை அவங்க கூப்பிடட்டும். நீ உன்றெ செபத்தைச் சொல்லு. ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு" என்றார் சிஸ்டர், மலையாளம் கலந்த தமிழில்.

கௌரம்மா வந்தார். புளியந்தழையை வேகவைத்து, துணியில் முடிந்து, சூடு பொறுக்கிற அளவுக்குத் தோளில் ஒற்றினார். என்னைத் தள்ளிவிட்டது புளி மூட்டை, என்னைத் தூக்கிவிடுவதும் புளியமரமா என்று எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அவர் எண்ணெய் தொட்டுத் தேய்க்கிறவரைதான். விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, கழுத்திலிருந்து முழங்கைவரை கட்டைவிரலால் அழுத்தி இறக்கினார். நான் போட்ட கூச்சலில் கோழியெல்லாம் ஓடியது. அளபேடம்மா, அளபேடம்மா என்பார், அழாதே என்று அவர்கள் பாஷையில். சொல்லிக்கொண்டேதான் இன்னும் அழுத்துவார். கையை வெடுக்கென்று இழுக்கமாட்டார், என் வீட்டுக்காரரையும் இழுக்க விடமாட்டார்.

தோள் சூடாக இருக்கும்போதே அடுத்த வேலை. இது சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது. சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைச் சுவரில் வைத்து, பூச்சி ஏறுகிற மாதிரி மேலே மேலே ஏற்ற வேண்டும். எந்தச் சுவர்? மாதா படம் மாட்டியிருந்த அதே சுவர்தான். ஓர் அருள்நிறை சொல்லுவேன், விரல் ஒரு பிடி ஏறும். அடுத்தது சொல்லுவேன், வலியில் பாதியில் நின்றுவிடுவேன். நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை படியும். மறுநாள் அந்தக் கறையைத் தாண்ட வேண்டும். எத்தனை முறை பாடம் பண்ணின செபம், அப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. இடையில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்க் காட்டினோம். சரியாகத்தான் செய்கிறீர்கள், விடாதீர்கள் என்றார் டாக்டர்.

முதலில் இடுப்பு உயரம், பிறகு மார்பு உயரம். ஆடியில் என் கறை மோவாய்வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஆவணியில் கோயில் கொடியேறியது, மாதா திருவிழா தொடங்கிவிட்டது. கறை நகரவில்லை. படத்தின் அடிச்சட்டம் என் விரலுக்கு மேலே எட்டாமல் நின்றது. அன்றைக்கு நான் செபமாலையைக் கீழே வைத்துவிட்டு, போதும் தாயே, இவ்வளவுதான் கொடுப்பாய் என்றால் இவ்வளவே இருக்கட்டும் என்றேன். கௌரம்மாதான் விடவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பில் வைத்துவிட்டு, "உங்க அம்மா மேல கோபம்னா கோபமாவே கையைத் தூக்கு" என்றார். தூக்கினேன்.

திருவிழாவின் பெரிய நாளுக்கு முந்தின நாள். கோயிலில் பந்தல் போட வந்த ஆட்களுக்கு மதியம் களியும் கீரைக் குழம்பும். பெண்கள் கிண்டினார்கள், என்னைத் தின்பண்டம் பார்த்துக்கொள்ள ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பெரிய பானையைக் கீழே இறக்கி, அது ஆடாமல் இருக்கக் கவைக்கோலை மாட்டி மிதித்துக்கொண்டு, அன்றைக்கு என் கையை இறக்கிவிட்ட அதே பெண்தான் துடுப்பு போட்டாள். மாவு கட்டி தட்டுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ராகி என்ன சும்மாவா விளைகிறது? எழுந்து போய், தள்ளு என்று துடுப்பைப் பிடுங்கிக் கிண்டினேன். கட்டியை உடைத்தேன், அடியிலிருந்து புரட்டினேன், களி பளபளவென்று திரண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்க்கிறார்கள்.

"மேரி, உன் கையைப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

பார்த்தேன். துடுப்பின் உச்சியைப் பிடித்திருந்தது என் வலது கை. அது என் முகத்துக்கு நேரே இருந்தது. என்னிடம் துடுப்பைப் பறிகொடுத்த பெண்தான் முதலில் அழுதாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். களி ஆறிப்போகிறது என்று அவளையும் ஓர் அதட்டு அதட்டிவிட்டு நானும் அழுதேன்.

மறுநாள் காலைப் பூசை. அந்த நீலத் துணியை முக்காடு போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். கௌரம்மாவும் வந்து கோயில் வாசலில் நின்றார். சாமியார், பிதா சுதன் என்று சிலுவைச் செபத்தை ஆரம்பித்தார். என் கை ஏறியது. மோவாயைத் தாண்டியது, மூக்கைத் தாண்டியது. தோளுக்குள் ஏதோ நறுக்கென்றது, நான் நிறுத்தவில்லை. விரல் நெற்றியில் பட்டது. அந்த நெற்றி என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் மார்பு, இடது தோள், வலது தோள். என் வாழ்நாளில் எத்தனையோ சிலுவை போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒன்றை முழுசாகப் போட்டேன்.

இது நடந்து வருடங்கள் ஆகின்றன. களி கிண்டுகிறேன், களை எடுக்கிறேன், வண்டியில் மூட்டை மேல் மட்டும் ஏறுவதில்லை. யாராவது கையைக் கட்டிக்கொண்டு நின்றால் முதலில் டாக்டரிடம் அனுப்புகிறேன், பிறகு என் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். கௌரம்மா இன்னமும் வருகிறார். மாதா படத்துச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்க நான் விடவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து படம்வரை என் விரல் கறை ஏறிப் போயிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

நான் வானத்திலிருந்து அற்புதம் இறங்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஆண்டவர் ஒரு டாக்டரையும், ஒரு சிஸ்டரையும், ஒரு கன்னடத்து அம்மாவையும், ஒரு கூடை புளியந்தழையையும் அனுப்பினார். உங்களுக்கும் அனுப்புவார். கேளுங்கள், நம்புங்கள், வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

இப்போது எல்லோரும் எழுந்து நில்லுங்கள். உங்கள் வலது கையைத் தூக்குங்கள். மெதுவாக, அவசரப்படாமல், நெற்றிக்குக் கொண்டுபோங்கள். வலிக்காமல் கை நெற்றிக்குப் போய்விட்டதா? அதற்காக நான் ஏழு மாதம் அழுதிருக்கிறேன். உங்களுக்கு இன்றைக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது. நன்றி சொல்லுங்கள்.