ஸ்டெல்லா அக்கா சொல்லாமல் விட்டது

செவ்வாய்க்கிழமை காலை நம் மலைநடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "ஸ்டெல்லா மேரி, கடலூர், இன்று விடியற்காலை காலமானார். நாளை மாலை அடக்கம்." சிதம்பரத்தில் என் கண்ணாடிக் கடையில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன். செய்தியின் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. ஏழாவதோ எட்டாவதோ படத்துக்குப் பிறகு ஒருவர் கேட்டிருந்தார்: "ஞாயித்துக்கெழம வேன் பண்ருட்டி வழியா வருமா, நெய்வேலி வழியா வருமா?" அதற்கு உடனே நான்கு பதில்கள் வந்தன. அக்காவைப் பற்றி அதன்பிறகு யாரும் ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் நீங்கள்தான். அவருக்கு நேர்ந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. எனக்கு எல்லோரையும்விட அதிகம்.

பிறகு வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. கல்வராயன் மலையில் நாம் இன்று நடக்கும் வழிகளில் பாதிக்கு மேல் அவர் வரைந்தவை. அவர் கண்டுபிடித்த வழிகள் என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். "அந்த ஊர் ஜனங்க காலங்காலமா நடக்குறாங்க. நான் காயிதத்துல போட்டேன், அவ்ளோதான்" என்பார்.

அன்பானவர் என்று சொல்ல மாட்டேன். என் முதல் பயணத்தில் தோல் செருப்போடு போயிருந்தேன். அடிவாரத்தில் எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்றார். "சேகரு, நீ வேன்லயே இரு" என்றார். மெதுவாக நடக்கிறேன் என்று கெஞ்சினேன். "சாவணும்னு ஆசையா இருந்தா வேற எடம் பாத்துக்க. என் லைன்ல சாவாத." டிரைவரோடு மாலைவரை வேனில் கிடந்தேன். திரும்பி வந்தவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒரு வழியை வரைபடமாக்குவதற்கு முன் மூன்று முறையாவது அதில் நடப்பார். மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை, மலைக்காரர் ஒருவரோடு ஒருமுறை. அப்படித்தான் ஒரு ஓடைக்கு முன்னால் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "மழ பேஞ்சா இதுல ஆடுகூட எறங்காதும்மா" என்றார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா அங்கேயே உட்கார்ந்து, அந்த ஓடையின் மேல் சிவப்புப் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, "மழையில் இறங்கக் கூடாது" என்று எழுதினார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அதே வழியில் பன்னிரண்டு பேர் போனோம். திரும்பும்போது ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவரைக் கூட்டிக்கொண்டு அக்கா பின்னால் தங்கினார். படத்தின் நகலை என்னிடம் கொடுத்து, "பிரியுற எடத்துல இடது பக்கம் போ. மேகம் கருத்துச்சின்னா அங்கயே நில்லுங்க, நான் வந்துடுறேன்" என்றார்.

வழி பிரியும் இடத்துக்கு வந்தபோது தூறல் விழுந்தது. இடதுபுறம் மேட்டோடு சுற்றிப்போகும் வழி. வலதுபுறம் அந்த ஓடை. ஓடையில் இறங்கினால் ஒரு மணி நேரம் மிச்சம். நனைவது எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் அவ்வளவுதான்.

வலதுபுறம் திரும்பினேன். நெல்லிக்குப்பம் ராஜேந்திரன் எனக்கு அடுத்து வந்தவர். சர்க்கரை ஆலையில் வேலை, நாற்பது வயது. "மச்சான், அக்கா லெஃப்ட்டுன்னுதான சொன்னாங்க?" என்று கேட்டார்.

"மேப்புல இதான் போட்டிருக்கு, வா" என்றேன்.

படத்தைப் பிரித்துக் காட்டும்படி அவர் கேட்கவில்லை. என்னை நம்பினார். ஓடையில் பாதி இறங்கியபோது பாசிப்பாறையில் அவர் கால் வழுக்கியது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே கல்லின் மேல் முதுகு அடிபட விழுந்தார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் உயிர் இருந்தது. பேச்சு வரவில்லை. அத்தனை பேர் சுற்றி நிற்க, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தார். ராஜேந்திரனின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு நின்ற பிறகுதான் நிமிர்ந்து, "மேப்பு எங்க?" என்று கேட்டார்.

"தண்ணில பூடுச்சிக்கா."

அது என் கால்சட்டைப் பையில் இருந்தது. அக்கா என் பையைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை ஆஸ்பத்திரிக் கழிவறையில் அதைக் கிழித்துத் தண்ணீர் ஊற்றினேன்.

விசாரிக்க வந்தவர்கள் வழியை யார் போட்டது என்று கேட்டார்கள். "அவுங்கதான் சார்" என்று கைகாட்டினேன். நீங்களும் அதையே சொன்னீர்கள். உங்களைக் குறை சொல்ல முடியாது, நான் சொன்னதைத்தான் நம்பியிருந்தீர்கள். அக்கா, "ஆமா, என் லைன்தான்" என்றார். மறுக்கவே இல்லை.

நெல்லிக்குப்பத்தில் ராஜேந்திரனின் உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு அவர் மனைவி செல்வி தெருவில் உட்கார்ந்திருந்தார். அக்கா எதிரே போய் நின்றார். செல்வி இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் முகத்தில் வீசினார். "ஒன் கோட்டுல நடந்துதான்டி எம் புருசன் செத்தான்!" இரண்டாவது தடவையும் வீசினார். அக்கா முகத்தைத் திருப்பவில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான் நின்றிருந்தேன். என் சட்டையில் விழுந்த மண்ணை மட்டும் தட்டிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் ஓட்டல் மாடியில் கூட்டம் போட்டு அவரைக் குழுவிலிருந்து நீக்கினோம். அவரை உட்காரவைத்துக்கொண்டே கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. அக்கா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கையில் அவர் பார்வை சற்று நேரம் நின்றது. பிறகு எழுந்து, மற்ற வழிகளின் படங்கள் இருந்த பையை மேசைமேல் வைத்து, "எல்லாம் இதுல இருக்கு. மல எறங்குறப்ப பேசாம எறங்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் வேண்டாம் என்று கைதூக்கிய நாம் அவருடைய படங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு அவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். கட்டிலில் புரண்டு படுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. என்னைக் கண்டதும் தம்பி மகளிடம், "அந்த அலமாரில நீட்டமா ஒரு சுருள் இருக்கும், எடும்மா" என்றார்.

நான் நகலைத்தான் கிழித்திருந்தேன். கையால் வரைந்த அசல் படம் அவரிடமே இருந்தது. ஓடையின் மேல் சிவப்புக் கோடுகள் மங்காமல் இருந்தன.

"இத அன்னிக்கே காட்டியிருக்கலாமேக்கா" என்றேன்.

"காட்டியிருக்கலாம்."

"ஏங்க்கா காட்டல?"

"ஒன்ன நம்பி மேப்ப குடுத்தன் பாரு, அது என் தப்பு. அதுக்கு செல்வி வீசுன மண்ணு எனக்கு சரிதான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒனக்கு என்ன தண்டன? காட்டியிருந்தா ஒரு வாரம் திட்டுவாங்க. நீ அழுவ, கால்ல வுழுவ, அதோட முடிஞ்சிபூடும். அப்பறம் நிம்மதியா தூங்குவ. நீ தூங்கக் கூடாதுன்னுதான் சொல்லல."

இத்தனை வருடமும் என்மேல் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். இரக்கமே அதில் இல்லை. அவர் கணக்கு தப்பவும் இல்லை. நான்கு வருடமாக ஒருநாளும் ஒழுங்காகத் தூங்கியவனில்லை நான்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"மாட்டேன்" என்றார். கோபமில்லாமல், கடையில் ஒரு பொருளை வேண்டாம் என்பதுபோல் சொன்னார். "எங்கிட்ட என்னாத்துக்கு சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. செல்விகிட்ட போய் சொல்லு. நான் கண்ண மூடுறதுக்குள்ள சொல்லு."

அதன்பிறகு ஏழு வாரம் இருந்தார். அந்த ஏழு வாரத்தில் இரண்டு முறை நெல்லிக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். ஒருமுறை இறங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்னொரு முறை இறங்கவே இல்லை, கடலூர்வரை போய்விட்டேன்.

அடக்கத்துக்குப் பாதிரியாரையும் குழிவெட்டியவர்களையும் சேர்த்துப் பதினோரு பேர் வந்திருந்தோம். நம் குழுவில் நான் ஒருவன்தான். ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன்.

மறுநாள் செல்வியின் வீட்டுக்குப் போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நான் சொல்வதை நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். படத்தில் என்ன போட்டிருந்தது, ராஜேந்திரன் என்னிடம் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தம்மா வூடு எங்க? கூட்டினு போ" என்றார்.

"நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நேத்து வரைக்கும் எங்க சார் இருந்த? அவுங்க மூஞ்சில மண்ண வாரித் தூத்துனனே. இனிமே நான் யாருகிட்ட போயி கேக்கறது?"

ராஜேந்திரனைக் கொன்றது போதாதென்று, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லும் வாய்ப்பையும் செல்வியிடமிருந்து நான் பறித்துவிட்டேன். "போ சார்" என்றார். வந்துவிட்டேன்.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது, கடைசியில் அவர் மனம் இளகியிருப்பார் என்று முடிப்பது எழுதுகிறவனுக்கு வசதி. ஸ்டெல்லா அக்கா இளகவில்லை. என்னிடம் அவர் கடைசியாக மறுத்துச் சொன்ன "மாட்டேன்" என்ற சொல்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதற்கு வேறு பொருள் தேட மாட்டேன். அவர் சொன்னபடியே வைத்துக்கொள்கிறேன்.