பிள்ளையாரின் குலைக்குக் கட்டமில்லாத செயலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நான்கு வருடங்கள் யோசித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன் நான். கடவுள் காரியத்தைப் பகிடியாக்குகிறான் என்று சொல்வார்களோ என்ற பயமும் இருந்தது. சொன்னால் சொல்லட்டும், பிள்ளையாருக்கு என் மனம் தெரியும்.

நீர்வேலியில் எங்கள் வாழைச் செய்கையாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். கொழும்புக் கம்பனி ஒன்று எங்கள் இதரை வாழைக்குலைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப முன்வந்தது. ஒவ்வொரு குலையும் எந்தத் தோட்டத்தில், எந்த மரத்தில் வெட்டியது, எங்கே போனது என்று கைபேசியில் பதிய வேண்டும். இரண்டு செயலிகளைக் காட்டி, ஒரு மாதம் பாவித்துப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். பதிவில் பொய் இருந்தால் ஒப்பந்தம் இல்லை.

முதலாவது செயலி நல்ல வடிவு. குருத்திலைப் பச்சை நிறம், தொட்டால் மணி அடிக்கும். அந்த மணியிலேயே எல்லோரும் மயங்கிவிட்டார்கள். மரத்துக்கு ஒன்றாக எண் போட்ட ஸ்டிக்கரைக் குலையில் ஒட்டிப் படம் பிடித்து, அது போகும் இடத்தை அழுத்த வேண்டும். இருந்தவை மூன்றே கட்டங்கள்: விற்பனை, கழிவு, திருப்பி அனுப்பியது.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை வெட்டும் முதற்குலை பிள்ளையாருக்கு. அதற்கு எந்தக் கட்டத்தை அழுத்துவது என்று தெரியாமல் கைபேசியோடு நின்றேன்.

“அண்ணை, கழிவிலை போடுங்கோவன்,” என்றார் சங்கத் தலைவர்.

“சாமியின்ரை குலையைக் கழிவெண்டு போடச் சொல்லுறீரோ?”

“அப்ப திருப்பி அனுப்பினதெண்டு போடுங்கோ. அவர் தந்தது அவரிட்டையே போகுது.”

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அழுத்தியதும், “பழத்தில் என்ன பழுது?” என்று செயலி கேட்டது. கடைசியில் விற்பனை என்று போட்டு, வாங்குபவர் பெயரைப் பிள்ளையார் என்று எழுதினேன். தொலைபேசி எண் இல்லாமல் அது நகரவில்லை. கோயில் ஐயரின் எண்ணைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஐயர் ஈர வேட்டியோடு, நாங்கள் குலைகளை அடுக்கும் சங்கக் கொட்டிலுக்கு வந்தார்.

“செயலாளர், அபிஷேகத்துக்கு நடுவிலை போன் கத்துது. ‘அன்பான பிள்ளையார், குலை திருப்தியோ, ஐஞ்சுக்கு எத்தினை புள்ளி’ எண்டு கேக்குது!”

“நீங்கள் என்ன போட்டனியள்?”

“மூண்டு. குலை சின்னனல்லோ.”

அந்த மூன்று புள்ளியால் வந்தது வினை. கம்பனியின் அதிகாரி, தெல்லிப்பழை ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி, அழைப்பு எடுத்தாள். “ஐயா, உங்கடை வாடிக்கையாளர் பிள்ளையாருக்குத் திருப்தியில்லையாம். நாளைக்கு அவரை நேரிலை பாக்க வாறன்.”

ஒப்பந்தம் போச்சு என்று தலைவரிடம் ஓடினேன். அவர் கலங்கவில்லை. “என்ரை மச்சானைப் பிள்ளையாரெண்டு காட்டுவம். அவனுக்குத் தொந்தி வண்டியும் இருக்கு.”

நான் மறுத்துவிட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளையை நேரே கோயிலுக்குக் கூட்டிப்போய், “உவர்தான் பிள்ளையார், பிள்ளை,” என்றேன். அவள் சிரிக்கவில்லை. கும்பிட்டுவிட்டு, மண்டபத்தில் தொங்கிய குலையின் ஸ்டிக்கரைக் கைபேசியால் பார்த்தாள். தோட்டம், மரம், வெட்டிய நேரம் எல்லாம் சரி.

பிறகு கொட்டிலுக்கு வந்து தலைவரின் குலைகளைப் பார்த்தாள்.

“ஐயா, ஒரே மரத்திலை பதினெட்டுக் குலையோ?”

“ஸ்டிக்கர் முடிஞ்சுது, பிள்ளை. ஒண்டைப் போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டினனாங்கள்.”

அவள் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “உங்கடை பதிவிலை சொன்ன இடத்துக்கே போனது சாமியின்ரை குலை ஒண்டுதான். விற்பனை எண்டதுதான் பிழை. அதுக்காக இன்னும் ஒரு மாசம் தாறன்,” என்றாள்.

இரண்டாவது செயலி சாம்பல் நிறம், மணியும் இல்லை. ஆனால் புதுக்கட்டம் நாங்களே எழுதலாம். நான் ‘படையல்’ என்று எழுதினேன். அது எண்ணும் கேட்கவில்லை, புள்ளியும் கேட்கவில்லை. அதையே தெரிவு செய்தோம். மணி போனதில் தலைவருக்குத்தான் கவலை. அந்த மாதம் குலைக்கொரு ஸ்டிக்கராக ஒட்டினோம், ஒப்பந்தமும் கிடைத்தது.

இப்போது ஊரில், பிள்ளையார் அந்தப் பிள்ளையின் கனவில் போய்ச் செயலியைத் தெரிவு செய்து கொடுத்தார் என்று கதைக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் பெயரில் இல்லாததைச் சேர்க்க எனக்கு உண்மையாகவே பயம்.