பேனாக் கோட்டைத் தாண்டிய சிவப்பு

வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் சளி, சீழ், இரத்தம் எல்லாம் எங்களிடம் வரும். செம்மறியாட்டு இரத்தம் கலந்த தட்டுகளில் தேய்த்து, சூட்டில் வைத்து, மறுநாள் என்ன கிருமி முளைத்திருக்கிறது என்று பார்ப்போம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளில் சில வகைகளை வெளிச்சத்தில் பிடித்தவுடனேயே கண்டுகொள்ளலாம். அவை விடும் நச்சு இரத்த அணுக்களை உடைத்துவிடும். கிருமி முளைத்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்புக் கரைந்து, தட்டு கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். எத்தனையோ காலைகளில் அதைப் பார்த்து, பதிந்துவிட்டு, அடுத்த தட்டை எடுத்திருக்கிறேன்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறார். நாள் முழுக்கச் சப்பாத்துப் போட்டிருப்பதால் இடது கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்திருந்தது. கிறீம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் பூசினார், பிறகு மறந்துபோனார். நானும் விட்டுவிட்டேன்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்தவர் கதிரையில் இருந்தபடியே நடுங்கத் தொடங்கினார்.

"குளிருதப்பா. போர்வையை எடுத்துத் தாரும்."

போர்வையை விரிக்கும்போதுதான் காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது.

"எறும்பு கிறும்பு கடிச்சிருக்கும்" என்றார்.

சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன். குசினிக்குப் போய் உலையை வைத்து, கறியை இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது, சிவப்பு அந்தக் கோட்டை இரண்டு விரல் தாண்டியிருந்தது.

"வெளிக்கிடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நாளைக்கு ஜீபி டொக்டரிட்டப் போறனே."

"நாளைக்கெண்டா முழங்காலுக்கு மேல ஏறியிடும்."

நான் குரலை உயர்த்தவில்லை. அதனால்தானோ என்னவோ, உடனே எழுந்தார்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் மருத்துவர் பேனாக் கோட்டைப் பார்த்தார். பிறகு நேரே கால் விரல்களை விரித்துப் பார்த்தார். தோல் வெடித்து வெளுத்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன கிருமி என்று வளர்த்துப் பார்ப்பதற்காக இரத்தம் எடுத்துவிட்டு, பென்சிலின் ஏற்றத் தொடங்கினார்கள். அந்த இரத்தப் போத்தல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். எங்கள் வீட்டு ஆட்களின் மாதிரிகளை நாங்கள் தொடக்கூடாது. என்னோடு வேலை செய்யும் சென்னைக்காரி நான் ஆய்வுகூட மேலங்கியை மாட்டும்போதே சொல்லிவிட்டாள்.

"அவரோட தட்டு என்கிட்ட இருக்கு. நீங்க இந்தப் பக்கம் வராதீங்க. நான் பார்த்துக்கிறேன்."

முதுகைக் காட்டிக்கொண்டு வேறு மேசையில் இருந்தேன். அவள் தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்பதுபோல இருந்தது. ஒரே மாதிரியை இரண்டு தரம் பதிந்து, அழித்தேன்.

மதியம் வார்டுக்குப் போனபோது மருத்துவர் முடிவை அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஏதோ ஸ்ட்ரெப்பாம். அது எங்கயிருந்து வந்தது?"

"புதுசா எங்கயிருந்தும் வரேல்ல. கன பேரின்ர உடம்பில சும்மா கிடக்கிறதுதான். தோல் வெடிச்ச இடத்தால உள்ளுக்குப் போயிட்டுது."

"போய் என்ன செய்யும்?"

என் வேலையைப் பற்றி அவர் அவ்வளவாகக் கேட்பதில்லை. கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன். தோலுக்கு அடியில் சதையை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்க அதனிடம் ஒரு நொதி இருக்கிறது. சிவப்பு பரவுவதற்கு அது வழிவிடும். உடம்பு அதை மறித்துக் கட்டும் இரத்தக்கட்டைக் கரைக்க இன்னொன்று. வெள்ளை அணுக்கள் விழுங்காமல் தப்ப மேலே ஒரு புரதம்.

குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இவ்வளவையும் வச்சுக்கொண்டு பேசாமலோ கிடந்தது?"

"ஓம்."

"நான் அந்தக் கிறீமைப் பூசியிருக்கோணும்."

"நானும் ஒருக்காக் கேட்டிருக்கோணும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். அவருடைய கை சுடவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். வீக்கம் முழுக்க வடிய ஒரு மாதம் எடுத்தது. சிவந்த இடமெல்லாம் தோல் காய்ந்து உரிந்தது.

அவர் திரும்ப வேலைக்குப் போன முதல் காலை, குளித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்து, கால் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார். நேரமாகிறது என்றேன்.

"பொறும், இன்னும் மூண்டு விரல் கிடக்கு" என்றார்.