ஏழாம் பாகத்தில் ஒரு மௌனம்

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவனுக்கு, அடுத்தவன் எப்போது வாயை மூடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பதே பிழைப்பு. எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் தினமும் ரயிலேறி பெங்களூர் போய், ஒரே விண்வெளிப் படத்தின் ஏழு பாகங்களுக்கு எழுதிவிட்டேன். செய்ததையே திரும்பச் செய்யச் சொல்லி, கூடவே புதுசாகவும் கேட்கும் முதலாளியிடம் மாட்டியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

செத்தவர் வந்தார்

வில்லனுக்குக் குரல் கொடுப்பவர் எங்கள் ஊர் மைசூர் மைன்ஸ் பகுதியைச் சேர்ந்த பெருமாளண்ணன். மூன்றாம் பாகத்தில் வில்லன் வெடித்துச் சிதறியதும், எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்து விடைபெற்றார். ஐந்தாம் பாகத்தில் ரசிகர்களுக்காக வில்லனை இயந்திர உடம்போடு எழுப்பி, மறுபடி வெடிக்க வைத்தார்கள். நான் நீட்டிய தாளைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "இன்னா தம்பி, அதே 'ஆ' தானா? இந்த தபா வேற மாரி சாவலாம்னு பார்த்தேன்."

எதிர் சீட்டுக்காரர்

தினமும் ரயிலில் எதிரே உட்காரும் முரளி, ஒவ்வொரு பாகத்துக்கும் 'அரைச்ச மாவு' என்று என்னைத் திட்டுவார். ஆறாம் பாகத்தில் கதை, ஆட்கள், கிரகம் எல்லாமே புதுசு. படம் ஓடவில்லை. முரளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லாதான் இருந்துச்சு சார். ஆனா தெரியாதவங்க வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்ட மாரி இருந்துச்சு."

முதுகுக்கு ஒரு வசனம்

முதல் பாகத்தில் புதுக் கிரகத்தில் இறங்கும் கேப்டன், "இன்னா, இங்கயும் தண்ணி வரலியா?" என்பான். மூலத்தில் வேறு ஏதோ சொல்வான். எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்புக் குழாயடியில் காலிக் குடத்தோடு நின்ற எரிச்சலில் நான் எழுதியது அது. ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. ஐந்தாம் பாகம் வரை எல்லாவற்றிலும் அதை நுழைத்தோம்; எல்லாமே புதுசான ஆறாம் பாகத்தில் மட்டும் விட்டுவிட்டோம்.

ஏழாம் பாகத்தில் கேப்டன் ஓர் இளம்பெண். கூட வந்தவர்களெல்லாம் வழியிலேயே இறந்துவிட, தனியாக இறங்கி, ஒன்றும் பேசாமல் நிற்கிறாள். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. தாளில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டேன். ஸ்டூடியோ பொறுப்பாளர் ரேவதி மேடம், தண்ணி வசனம் எங்கே என்றார். அவள் உதடே அசையவில்லையே என்றேன். திரும்பி நிற்கும்போது வையுங்கள், முதுகுக்கு எதற்கு உதட்டசைவு என்றார். அரை நாள் கெஞ்சியபின் இறங்கி வந்தார்: "சரி, உங்க இஷ்டம். தியேட்டர்ல கலாட்டா ஆச்சுன்னா, அடுத்த பார்ட்டுக்கு வேற ரைட்டர்."

சவுண்டு போடுய்யா

எங்கள் ஊர் தியேட்டருக்குப் படம் வந்ததும் மனைவியை அழைத்துப் போனேன். அதுவரை ஒரு பாகமும் பார்க்காதவள். நான் பேசுவதை வீட்டில் கேட்பதே போதும் என்பாள். அந்தப் பெண் இறங்கினாள். அரங்கமே காத்திருந்தது. பிறகு விசில். சவுண்டு போய்விட்டது என்று ஆபரேட்டரைத் திட்டினார்கள். பின்வரிசைக்காரர்கள் தாங்களே தண்ணி வசனத்தைச் சொல்லிக் கைதட்டிக்கொண்டார்கள். வேலை போயிற்று என்று சீட்டில் சரிந்தேன்.

வெளியே வந்தபின்தான் மனைவியின் கண் சிவந்திருந்ததைக் கவனித்தேன். அவள் கேட்டாள்: "அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசாம நின்னுச்சே, அங்கதான் அழுகை வந்துருச்சு. அத மட்டும் யாருங்க எழுதுனது?"

எட்டாம் பாகத்தில் எல்லாம் பழையபடியே இருக்கிறதாம். புதுசாக மாற்றியது வசனம் எழுதுகிறவனை மட்டும்தான்.