முப்பது புது மேசைகள்

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னால் அந்த அம்மையார் உட்கார மாட்டார். அதைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்துவிட்டு நிமிர்த்தி வைப்பார். அப்புறமும் நின்றுகொண்டேதான் பேசுவார். அரசுப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் வாங்கியதெல்லாம் வந்து சேர்ந்ததா என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. பள்ளிக்கூடங்களில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். வைத்தது யார் என்றுகூட விசாரித்து வைத்திருக்கிறார்.

வீட்டிலும் இதே கதைதான். மாத்திரை அட்டையை எண்ணாமல் மருந்துக்கடையை விட்டு இறங்க மாட்டார். மகள் கட்டிக்கொள்ளப் போகிறவரின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். "என்னை நம்பி முப்பது வருஷம் எப்படித்தான் குடும்பம் நடத்தினாளோ உங்க அம்மா" என்று கணவர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார். "நம்பினேன்னு யார் சொன்னது?" என்பார் இவர், சிரிக்காமல்.

பிழைப்பு கற்றுக்கொடுத்த குணம் இது. அதே பத்துக் கணினிகள் வண்டியேறி, இவர் போகிற பள்ளிக்கெல்லாம் இவருக்கு முன்னால் போய் நின்றதைப் பிடித்திருக்கிறார். நூலக அலமாரியில் முன்வரிசைப் புத்தகங்களுக்குப் பின்னால் செங்கல் அடுக்கியிருந்ததையும் பிடித்திருக்கிறார்.

அன்றைக்குப் போன பள்ளியில் முப்பது புது மேசைகள். பளபளப்பு கண்ணைப் பறித்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. போதாக்குறைக்குத் தலைமையாசிரியர் தேவைக்கு மேல் பணிவாக இருந்தார். இவர் ஒரு மேசையின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். சாயம் உரிந்து, எந்தப் பிள்ளையோ காம்பஸ் முனையால் கீறிய கையெழுத்தும் பத்து வருஷத்துக்கு முந்தைய தேதியும் வெளியே வந்தன.

தலைமையாசிரியர் மறைக்கவில்லை. நாலாம் வகுப்பின் கூரை ஒழுகி, மழை வந்தால் பிள்ளைகள் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டு மூன்று வருஷமாகியும் பழுதுபார்க்கப் பணம் வரவில்லை. கேட்காத மேசைக்கு வந்தது. அதைக் கூரையில் போட்டுவிட்டு, விடுமுறையில் ஆசிரியர்களே பழைய மேசைகளுக்குச் சாயம் அடித்திருக்கிறார்கள்.

"மேசைப் பணத்தை மேசைக்குத்தான் செலவழிக்கணும்னு தெரியாதா சார்?"

"தெரியும் மேடம். மேசை நல்லாத்தான் இருந்துச்சு. மேலதான் ஓட்டை."

கதை சொல்லத் தெரிந்தவர்களை இவர் நிறையப் பார்த்திருக்கிறார். பத்து வாளித் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே ஒரு வெள்ளைத்தாளை இரு கைகளிலும் ஏந்தி, வகுப்பறை முழுக்க அடிமேல் அடி வைத்து நடந்தார். தாள் நனையவில்லை. அப்போதும் விடவில்லை, கூரைச் செலவு ரசீதுகளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். ஒதுக்கியதைவிடக் கொஞ்சம் கூடவே ஆகியிருந்தது. அந்தக் கூடுதல் பணம் யாருடையது என்று கேட்டார். தலைமையாசிரியர் சன்னலைப் பார்த்தபடி தன் சட்டைப்பையைத் தொட்டார்.

போன வருஷம் இப்படித்தான் ஒரு டீச்சர், விளையாட்டுச் சாமான் பணத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிவிட்டார். இவர் உள்ளது உள்ளபடி எழுதினார். டீச்சருக்கு வேலை போயிற்று. விசாரணை முடியாததால் கழிப்பறை இன்றும் பூட்டியே கிடக்கிறது. அந்த அறிக்கையில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பூட்டு இவருக்கு மறக்கவில்லை. இப்போது கையில் அதே படிவம். எழுதினால் இந்த மனிதரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"பெயிண்ட் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

தடயத்துக்கு எடுத்துப் போகிறார் என்று நினைத்த தலைமையாசிரியர், டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். பூதக்கண்ணாடி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். குச்சியால் கலக்கி அடிவரை பார்த்தார். பிறகு மேசையின் முன் மண்டியிட்டு, தன் நகம் உரித்த இடத்தில் பிரஷ்ஷை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார்.